தபால் பெட்டிகளில் ஒரே பெயர்

சனிக்கிழமை, லாங்காஸ்டர் மாவட்டம், பென்சில்வேனியா

340-ஆம் எண் சாலையில் பேர்ட்-இன்-ஹேண்டைத் தாண்டி இன்டர்கோர்ஸ் என்ற ஊரை நோக்கிப் போகும்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். முன்னால், கார் ஓட்டாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபையினரான ஆமிஷ் மக்களின் சாம்பல் நிறக் கூரை போட்ட குதிரை வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். முந்துவதற்கு இடம் கிடைக்கும்வரை வேறு வேலை இல்லாததால், சாலையோரத் தபால் பெட்டிகளை வாசித்துக்கொண்டே வந்தோம். ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ். அடுத்த பண்ணை, ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ். ஒரு ஃபிஷர், ஒரு கிங். மறுபடியும் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ். எதிர்ப்புறத்தில் குதிரைச் சேணம் தைக்கும் கடையின் பலகையிலும் அதே பெயர்.

"ஏன் தம்பி, இத்தனை பேருக்கும் ஒரே பெயரென்றால் தபால்காரர் என்ன செய்வார்?" என்றார் அக்கா.

அக்கா திருச்சியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கோடைக்கு என்னிடம் வந்திருக்கிறார். நயாகராவும் நியூயார்க்கும் போன முறையே ஆகிவிட்டதால், இந்த முறை நான் வெகுநாளாகப் பார்க்க நினைத்திருந்த ஊர்களுக்கு அவரையும் இழுத்து வந்துவிட்டேன். ஊருக்கு ஊர் ஓரிரு குடும்பப் பெயர்களே ஆட்சி செய்யும் இடங்கள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றில் காரிலும் படகிலும் எட்டிப் பிடிக்கக்கூடிய சிலவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

லாங்காஸ்டர் ஆமிஷ் மக்கள் தொகை இன்று 40,000-ஐத் தாண்டிவிட்டது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ். இந்தப் பெயர் உள்ளவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மனிதரின் வழிவந்தவர்கள்: 1766-இல் ஜெர்மனியிலிருந்து குடும்பத்துடன் பிலடெல்ஃபியாவில் வந்து இறங்கிய நிக்கோலஸ் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ். அவர் வாழ்ந்த கல் வீட்டை வயோமிஸிங் என்ற ஊரில் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் பெயர் எப்படி இப்படிப் பெருகியது? மந்திரம் ஒன்றுமில்லை, கணக்குதான். 18-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஆமிஷ் குடும்பங்கள் மிகச் சில. வெளியிலிருந்து அவர்கள் சபையில் சேருகிறவர்கள் அரிது; சபைக்கு வெளியே மணம் முடிப்பது கூடாது. ஆகவே புதுப் பெயர் உள்ளே வர வழியில்லை, பழைய பெயர் அழிய மட்டும் வழி இருக்கிறது. பெண் குழந்தைகள் மட்டுமே பிறந்த வீட்டில் பெயர் நின்றுபோகும். மகன்கள் நிறைந்த வீட்டில் அது கிளைத்துக்கொண்டே போகும். எட்டுத் தலைமுறை இப்படியே நடந்தால், தொடக்கத்தில் கொஞ்சம் முந்தியிருந்த பெயர் கடைசியில் ஊரையே பிடித்துக்கொள்ளும்.

தபால்காரர் கேள்விக்கு விடை சொன்னவர், ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி. வெள்ளைத் தொப்பி, கறுப்பு மேலங்கி, காலில் செருப்பில்லை. ஒரே ஊரில் ஒரே முழுப்பெயருடன் பலர் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. முதற்பெயர்களும் இங்கே ஒரு கைக்குள் அடங்கிவிடும்: ஜான், ஆமோஸ், சாமுவேல், மேரி, ரேச்சல், கேட்டி. அதனால் நடுவில் ஓர் எழுத்து சேர்க்கிறார்கள். அது தாய் பிறந்த வீட்டுப் பெயரின் முதல் எழுத்து. தாய் கிங் வீட்டுப் பெண் என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் 'கே'; ஃபிஷர் வீட்டுப் பெண் என்றால் 'எஃப்'.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய வருகைப் பதிவேட்டில் ரா. முருகன், க. முருகன், சு. முருகன் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஆண்டுகள் உண்டு. "நாம் அப்பாவின் எழுத்தைப் போடுகிறோம், இவர்கள் அம்மாவின் எழுத்தைப் போடுகிறார்கள். இதுதான் நியாயம்" என்று அந்த இடத்திலேயே தீர்ப்பும் எழுதிவிட்டார். உடனே அடுத்த கேள்வி: "அம்மாவும் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ் வீட்டுப் பெண்ணாக இருந்தால்?"

பெண்மணி சிரித்தார். அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்களாம். அங்கே பட்டப்பெயர் வந்துவிடும். தாத்தாவின் பெயர், பண்ணை இருக்கும் சாலை, செய்யும் தொழில், நடக்கும் விதம், என்றோ செய்த ஒரு கோமாளித்தனம், எதுவும் போதும். ஆமிஷ் ஊர்களில் பலகாலமாகச் சொல்லப்படும் ஒரு கதை: காப்பியில் பாலாடைக்குப் பதிலாக இறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்ட டேன் என்பவர், அன்றிலிருந்து சாகும்வரை 'குழம்பு டேன்'.

உறவுக்குள் உறவாக மணம் முடித்துக்கொண்டே வந்தால் உடம்பும் கணக்குக் கேட்கும். 1744-இல் வந்த சாமுவேல் கிங் தம்பதியிடமிருந்து இறங்கிவந்த ஒரு மரபணுக் குறை இங்கே ஆறு விரலும் குள்ள உருவமுமாகப் பிறக்கும் குழந்தைகளிடம் தெரிகிறது. விக்டர் மக்கூசிக் என்ற மருத்துவர் 1964-இல் அதை விரிவாக எழுதினார். அவருக்கு அந்த வேலையை எளிதாக்கியது இவர்களுடைய வம்சாவளி ஏடுகள்தாம். யாருக்கு யார் பிறந்தார் என்று நூற்றாண்டுக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். 1989-இல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். அதன் கட்டடத்தை ஆமிஷ் ஆட்களும், அவர்களுக்கு நெருங்கிய சபையான மென்னோனைட் ஆட்களுமே கூடி மரச்சட்டம் தூக்கி எழுப்பிக் கொடுத்தார்கள். ஒட்டுப்போர்வைகளை ஏலம் விட்டு இன்றும் அதற்குப் பணம் திரட்டுகிறார்கள்.

ஆமிஷ் வழக்கத்தில் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குள் திருமணம் கூடாது என்று சொன்னதும் அக்கா, "அத்தை மகனும் கூடாதா? அப்படியென்றால் நம் ஊரில் பாதிக் கல்யாணம் நின்றுபோயிருக்கும்" என்றார். அவருடையதும் அதில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்ஃபீல்டு, மேரிலாந்து

ஞாயிறன்று லாங்காஸ்டரில் ஆமிஷ் கடை ஒன்றும் திறக்காது. காலையிலேயே கிளம்பித் தெற்கே வந்துவிட்டோம். வழியில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கோழிப் பண்ணைகள், சோயா வயல்கள், அனல் பறக்கும் நெடுஞ்சாலை.

கிறிஸ்ஃபீல்டு ஒரு காலத்தில் சிப்பி வியாபாரத்தில் கொழித்த துறைமுகம். உரித்துப்போட்ட சிப்பி ஓடுகளைக் கொட்டிக் கடலைத் தூர்த்து, அதன்மேல்தான் ஊரின் கீழ்ப்பகுதியைக் கட்டினார்கள். இப்போது நண்டும் ஓய்வூதியர்களும்தான் மிச்சம். விடுதிக்காரர் எங்கள் பெயர்களைப் பதிவு செய்யும்போது குடும்பப் பெயர் எது என்று கேட்டார். அக்காவுக்கு அது மறைந்த அத்தான் பெயர், எனக்கு எங்கள் அப்பா பெயர். உடன்பிறந்தவர்கள் என்று சொன்னதை அவர் நம்பினாரா தெரியவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை, ஸ்மித் தீவு

தபால் படகு பிற்பகல் பன்னிரண்டரைக்கு. ரொட்டி, பால், கழிப்பறைக் காகிதம், ஒரு சலவை இயந்திரம், அப்புறம் நாங்கள். செசபீக் விரிகுடாவில் முக்கால் மணி நேரம். அலை அதிகமில்லை. ஆனால் அக்கா கைப்பிடியை விடவில்லை.

ஸ்மித் தீவில் ஸ்மித்துகள் ஆளவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் நிலம் வைத்திருந்த ஹென்றி ஸ்மித் என்பவரின் பெயர் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. தீவை நிரப்பியவர்கள் எவன்ஸ், டைலர், பிராட்ஷா குடும்பங்கள். யூவெல், ரோட்ஸ் பாயின்ட், டைலர்டன் என்று மூன்று சிற்றூர்கள். டைலர்டனுக்கு முதலிரண்டு ஊர்களிலிருந்தும் சாலை கிடையாது, படகுதான். 2010 மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் 276 பேர். மேயர் இல்லை, நகராட்சி இல்லை, காவல் நிலையம் இல்லை. பொதுக் காரியம் எதுவானாலும் மெதடிஸ்ட் தேவாலயம்தான் கூட்டி முடிவெடுக்கிறது.

அந்த தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அக்கா ஒரு மணி நேரம் செலவழித்தார். எவன்ஸ், எவன்ஸ், டைலர், எவன்ஸ், பிராட்ஷா, எவன்ஸ். நான் நிழலைத் தேடி நின்றுகொண்டிருந்தேன். அவர் வரிசை வரிசையாக, விடைத்தாள் திருத்துகிற கவனத்துடன் போனார். திரும்பி வந்து சொன்னது: "ஆண்களுக்கு ஒரு பெயர்தான். பெண்களுக்குத்தான் இரண்டு வீடும் தெரிகிறது. ஒரு கல்லில் டைலர் மகள், எவன்ஸ் மனைவி என்று இருக்கிறது. அடுத்த கல்லில் எவன்ஸ் மகள், டைலர் மனைவி. பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள்." நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

மாலையில் ஒரு நண்டுக் குடிலைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் கொட்டகை. உள்ளே இடுப்பளவு உயரத்தில் நீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிகள். ஓடு கழற்றப்போகும் நண்டுகளைப் பிடித்து இங்கே விடுகிறார்கள். ஓடு கழன்றவுடன் எடுத்தால் முழு நண்டையும் அப்படியே பொரித்துத் தின்னலாம், விலையும் பல மடங்கு. சில மணி நேரம் விட்டுவிட்டால் புது ஓடு இறுக ஆரம்பித்துவிடும், விலை போய்விடும். அதனால் இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்.

எது எப்போது கழற்றும் என்று எப்படித் தெரியும்? அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஒரு நண்டை எடுத்து, துடுப்பு போன்ற கடைசிக் காலை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். காலின் ஓரத்தை ஒட்டி நூலிழை அளவுக்கு ஒரு கோடு. அது வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வாரம். இளஞ்சிவப்பு என்றால் ஒரு வாரம். இவர் கையிலிருந்ததில் நல்ல சிவப்பு. "நாளை அல்லது மறுநாள்" என்று சொல்லி வேறு தொட்டிக்கு மாற்றினார். நான் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தும் அரைகுறையாகத்தான் தெரிந்தது. அவர் ஓடும் படகிலேயே, ஒரு நண்டுக்கு ஒரு விநாடிகூட ஆகாமல், தரம் பிரித்துவிடுகிறார்.

அவரும் ஓர் எவன்ஸ். பேச்சில் ஒருமுறைகூட அந்தப் பெயர் வரவில்லை. ஆட்களை 'இன்னாருடைய இன்னார்' என்றும், படகின் பெயர் சொல்லியும், பட்டப்பெயர் சொல்லியுமே குறிப்பிட்டார். குடும்பப் பெயரெல்லாம் வரி கட்டவும் மருத்துவமனைக்குப் போகவும்தான் என்றார்.

2012-இல் சாண்டி புயல் அடித்த பிறகு, வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், கரைக்குப் போய்விடுங்கள் என்றது மேரிலாந்து அரசு. தீவு மறுத்துவிட்டது. ஆனால் அரசு துரத்தாமலே பிள்ளைகள் போகிறார்கள். மேல்நிலைப் பள்ளிக்குத் தினமும் படகேறிக் கிறிஸ்ஃபீல்டு போய்த் திரும்பும் பிள்ளை, படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடுவதில் வியப்பில்லை.

இரவு உணவுக்குப் பின் ஸ்மித் தீவுக் கேக். எட்டு முதல் பத்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் தோசையைவிடச் சற்றே தடிமன். இடையிடையே சாக்லேட் பூச்சு. 2008-இல் மேரிலாந்தின் அதிகாரபூர்வ இனிப்பாக அறிவித்தார்கள். அக்கா சர்க்கரை நோயாளி; ஒரு துண்டு முழுவதும் சாப்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, டாஞ்சியர் தீவு, வர்ஜீனியா

தெற்கே பார்த்தால் டாஞ்சியர் கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆனால் அங்கே போக நேரடிப் படகு இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. அந்த எல்லைக்காக, எந்தப் பக்கத்து நண்டு யாருக்கு என்று, இரு தீவுக்காரர்களும் தலைமுறைகளாக மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். நாங்கள் விடிகாலைத் தபால் படகில் கிறிஸ்ஃபீல்டு திரும்பி, பன்னிரண்டரைப் படகில் மறுபடி கடலேறினோம்.

இங்கே ஆளும் பெயர் கிராக்கெட். அடுத்து புரூயிட், பார்க்ஸ், டைஸ். 1686-இல் ஒரு கிராக்கெட் எட்டு மகன்களுடன் வந்து குடியேறினார் என்பது தீவுக்காரர்கள் சொல்லும் தலபுராணம். பத்திரங்களில் தெரிவது வேறு: 1778-இல் ஜோசஃப் கிராக்கெட் இங்கே நிலம் வாங்கிக் குடிவந்தார். எனக்குப் பத்திரம்தான் பிடித்திருக்கிறது. எட்டு மகன்கள் என்பது, 'இத்தனை பேர் எப்படி வந்தார்கள்' என்று கேட்ட யாருக்கோ சொன்ன விடை மாதிரி இருக்கிறது.

தெருக்கள் இரண்டு ஆள் அகலம். கார் கிட்டத்தட்ட இல்லை, கோல்ஃப் வண்டிதான். இடம் இல்லாத தீவு என்பதால் வீட்டு முற்றத்திலேயே கல்லறைகள். கம்பி வேலிக்குள் துணி காய்கிறது, குழந்தையின் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் மூன்று கிராக்கெட்டுகள் அடக்கமாகியிருக்கிறார்கள். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "வாசலிலா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். கோல்ஃப் வண்டியில் எங்களைச் சுற்றிக் காட்டிய அம்மாள் அதைப் புரிந்துகொண்டு, "எங்கே போய்விட்டார்கள், இங்கேதானே இருக்கிறார்கள்" என்றார்.

மருத்துவ நூல்களில் இந்தத் தீவின் பெயர் ஒரு நோய்க்கு இருக்கிறது. 1960-ஐ ஒட்டி இங்கிருந்து வந்த ஐந்து வயதுப் பையனுக்குத் தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு ஃபிரெட்ரிக்சன் ஆராய்ந்து பார்த்ததில், நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்டிஎல் அவன் ரத்தத்தில் அறவே இல்லாத அளவுக்குக் குறைவு. விஞ்ஞானிகள் தீவுக்கே வந்து உறவினர்களின் ரத்தத்தை எடுத்துப் போனார்கள். 1999-இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோது, உடம்பு கொழுப்பை எப்படி வெளியேற்றுகிறது என்ற பெரிய கேள்விக்கே வழி திறந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே குறையுள்ள பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும். பெரும்பாலான ஊர்களில் அப்படி இருவர் சந்திக்கவே மாட்டார்கள். உலகம் முழுவதிலும் இந்த நோய் மிக அரிது, வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெயர் டாஞ்சியருக்குத்தான். வண்டிக்கார அம்மாளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அதைப் போய்க் கேட்கிறாயே என்பதுபோல் பார்த்துவிட்டு, நண்டு அப்பம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று சொன்னார்.

பட்டப்பெயர் விஷயத்தில் டாஞ்சியர் ஆமிஷ்காரர்களையும் மிஞ்சிவிட்டது. நெடுங்காலம் மேயராக இருந்துவரும் ஜேம்ஸ் எஸ்க்ரிட்ஜை ஊரில் யாரும் ஜேம்ஸ் என்பதில்லை. 'ஊக்கர்' என்பார்கள். சிறுவயதில் வீட்டுச் சேவலைப் போலக் கூவ முயன்றதில் வந்த பெயராம். 2017-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் அவரைத் தொலைபேசியில் அழைத்து, கடல்மட்டம் உயர்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உங்கள் தீவு இன்னும் பல நூறாண்டு இருக்கும் என்று சொன்னது உலகச் செய்தியானது. தீவு 1850-இலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்திருக்கிறது. வடக்கே கேனான் என்று ஒரு சிற்றூர் இருந்தது. மக்கள் 1930-களிலேயே விட்டு வந்துவிட்டார்கள், அங்கிருந்த கல்லறைகளை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. கடல் உயரவில்லை, கரைதான் அரிக்கிறது, சுவர் கட்டிக் கொடுங்கள் என்பது மேயரின் வாதம். இரண்டும்தான் நடக்கிறது என்பது விஞ்ஞானிகள் சொல்வது. அவர்கள் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். ஆனால் சுவர் கேட்கிறவரைப் பார்த்து நகைக்க என்னால் முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரில் நிற்கிறவர் அவர்.

2020 கணக்கில் 436 பேர். பையன்கள் நண்டுக்குப் போவதைவிட இழுவைப் படகு வேலைக்குப் போவதையே விரும்புகிறார்கள். மாதச் சம்பளம், காப்பீடு. லாங்காஸ்டரில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஊரே இரட்டிப்பாகி, ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ்களுக்கு நிலம் போதாமல் வேறு மாநிலங்களுக்குக் கிளம்புகிறார்கள். இங்கே கிராக்கெட்டுகளுக்கு நிலமும் குறைகிறது, பிள்ளைகளும் குறைகிறார்கள். இரண்டு ஊரிலும் பெயர் பெருகிய கணக்கு ஒன்றுதான். ஏழு எட்டுக் குழந்தைகளும் உழுது பிழைக்கத் தரையும் இருந்தால் அது ஒருவகை, இல்லாவிட்டால் வேறு.

புதன்கிழமை, வழி

காலை எட்டு மணித் தபால் படகு. பிறகு 13-ஆம் எண் நெடுஞ்சாலை, 17.6 மைல் நீளமுள்ள செசபீக் விரிகுடாப் பாலமும் சுரங்கமும், நார்ஃபோக் நெரிசல், மேற்கே திரும்பி 95-ஆம் எண் சாலை. லம்பர்ட்டன் வரும்போது இருட்டிவிட்டது. அக்கா வழியெல்லாம் தூங்கினார்.

வியாழக்கிழமை, பெம்புரோக், வட கரோலினா

இந்த ஊரில் லாக்லியர் என்பது சட்டென்று காதில் விழும் பெயர். பெட்ரோல் நிலையம், வழக்கறிஞர் பலகை, தேர்தல் தட்டி, தேவாலயப் பாதிரியார், எல்லாம் லாக்லியர். அடுத்த இடத்தில் ஆக்ஸன்டைன், லௌரி, ஹன்ட், சேவிஸ். இவர்கள் லம்பி இந்தியர்கள். ராப்சன் மாவட்டத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பழங்குடி. பதிவு செய்துகொண்டவர்களே 55,000-க்கு மேல்.

பல்கலைக்கழக வளாகத்தில் 'ஓல்டு மெயின்' என்ற கட்டடத்துக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் 1887-இல் இவர்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. சட்டமன்றம் கொடுத்தது 500 டாலர். அது ஆசிரியர் சம்பளத்துக்கு. கட்டடத்தை மக்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா அந்தத் தகவல் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

முந்தைய ஊர்களில் பெயர் ஒரு வேடிக்கை. இங்கே அது வழக்காடு பொருளாக இருந்திருக்கிறது. வெள்ளையர், கறுப்பர், இந்தியர் என்று மூன்று வகைப் பள்ளி நடத்திய மாவட்டம் இது. எந்தக் குழந்தை எந்தப் பள்ளிக்கு என்பதை முடிவு செய்ய, இந்தக் குடும்பங்களே குழு அமைத்து வம்சாவளி விசாரித்தன. அந்த விசாரணையில் லாக்லியர், ஆக்ஸன்டைன் என்ற பெயர்கள் கதவைத் திறந்தன. வேறு பெயருக்கு அதே கதவு அடைபட்டது. தங்கள் பள்ளியைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருந்திருக்காது. அடைபட்ட கதவுக்கு வெளியே நின்ற குழந்தைக்கு அதனால் என்ன?

விசித்திரம் என்னவென்றால், இனத்தின் பெயரை அரசாங்கம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. 1885-இல் குரோவட்டன் என்றது மாநிலச் சட்டம். 1911-இல் 'ராப்சன் மாவட்ட இந்தியர்'. 1913-இல் 'ராப்சன் மாவட்டச் செரோக்கி இந்தியர்'. 1953-இல், அங்கே ஓடும் ஆற்றின் பெயரைக் கொண்டு, லம்பி. 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் லம்பி என்ற பெயரை ஏற்றது. ஆனால் அதே சட்டத்தில், பழங்குடிகளுக்குரிய மத்திய அரசுச் சலுகை எதுவும் இவர்களுக்குக் கிடையாது என்றும் எழுதிவிட்டது. தாத்தா ஒரு இனம், அப்பா ஒரு இனம், பேரன் ஒரு இனம், மூவரும் லாக்லியர்.

1958 ஜனவரி 18 அன்று இரவு, மேக்ஸ்டன் அருகே ஹேய்ஸ் குளக்கரையில், வெள்ளையர் ஆதிக்கத்துக்காக வன்முறையில் இறங்கும் அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கூட்டம் போட்டது. தென் கரோலினாவிலிருந்து வந்த ஜேம்ஸ் 'கேட்ஃபிஷ்' கோல் இவர்களை மிரட்டுவதற்காகக் கூட்டிய கூட்டம். வந்த கிளான் ஆட்கள் ஐம்பது பேர் அளவில். திரண்ட லம்பிகள் ஐந்நூறு பேர் அளவில், துப்பாக்கிகளுடன். மேடைக்கு இருந்த ஒரே விளக்கு உடைந்தது, வானத்தை நோக்கிச் சுட்டார்கள், கிளான் சிதறி ஓடியது. உயிரிழப்பு இல்லை. கைப்பற்றிய கிளான் கொடியைப் போர்த்திக்கொண்டு இருவர் சிரிக்கும் படம் லைஃப் இதழில் வெளிவந்தது. அவர்களில் ஒருவர் சிமியன் ஆக்ஸன்டைன், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். அக்கா அந்தக் கதையை என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

இங்கே புதியவரைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் ஆட்கள் யார் என்பது. பெயரைச் சொன்னால் போதாது. லாக்லியர் என்பது விடையே அல்ல. எந்த லாக்லியர், எந்தத் தேவாலயம், எந்தச் சதுப்பு நிலத்தின் ஓரம், அம்மா யார் வீட்டுப் பெண் என்று போகும். மதிய உணவுக் கடையில் எங்களிடமும் கேட்டார் ஒரு முதியவர். நான் வழக்கம்போல 'இந்தியா' என்று சொல்லி, எந்த இந்தியன் என்ற பழைய குழப்பத்துக்குள் போய்க்கொண்டிருந்தேன். அக்கா என்னை நிறுத்தினார். காவிரிக் கரை, லால்குடிப் பக்கம், அப்பா வீட்டில் இத்தனை பேர், அம்மா வழி தஞ்சாவூர் என்று தன் ஆங்கிலத்தில் முறையாகச் சொன்னார். முதியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, அம்மா வழியில் இன்னும் யாராவது அந்த ஊரிலேயே இருக்கிறார்களா என்று விசாரித்தார். பிறகு தன் பக்கத்தைத் தொடங்கினார். எங்கள் சாப்பாடு வந்து, ஆறி, முடிந்த பின்னும் அவர் கொள்ளுப்பாட்டியின் தங்கை வீட்டில்தான் இருந்தார்.

சாப்பாடு என்றது காலர்டு சாண்ட்விச். சோள மாவை மெல்லியதாகத் தட்டி எண்ணெயில் பொரித்த இரண்டு அடைகள். நடுவில் வதக்கிய காலர்டு கீரை, மேலே பொரித்த பன்றி இறைச்சித் துண்டு. கீரையில் லேசான கசப்பு, அடையின் ஓரம் மொறுமொறு. அக்காவுக்கு இறைச்சி இல்லாமல் கேட்டோம். கடைக்காரப் பெண் ஒரு கணம் யோசித்து, கீரையை இரட்டிப்பாக வைத்துக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: டாஞ்சியருக்குக் கிறிஸ்ஃபீல்டிலிருந்து சுற்றுலாப் படகு மே முதல் அக்டோபர் வரைதான், மற்ற மாதங்களில் தபால் படகு, ஞாயிறு கிடையாது. அன்றே திரும்பினால் கல்லறையும் கடையும் மட்டும் பார்க்கலாம், ஓர் இரவு தங்குங்கள். தீவில் மது விற்பதில்லை. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். லாங்காஸ்டரில் ஆமிஷ் மக்களின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள், ஞாயிறு போகாதீர்கள். பெம்புரோக்கில் அருங்காட்சியகத்துக்கு வாரநாளில் போங்கள்; மதிய உணவுக்கு முன் யாராவது பெரியவர் பேச ஆரம்பித்தால் பிற்பகல் திட்டத்தை ரத்து செய்துவிடுங்கள்.